வந்துட்டேன் என்றவர் கரையில் இருந்தார்

போன வாரம் ஜாய் வீடியோ காலில் வந்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு கப்பலில் என் இடத்தில் நிற்கும் பிலிப்பைன்ஸ் பெண் அவள். அங்கே அண்டார்டிகாவில் அவளுக்குப் பின்னால் பனிமலை தெரிந்தது. இங்கே ஃப்ரீமான்ட்டில் எனக்குப் பின்னால் என் கணவர் ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு எதையோ தேடிக்கொண்டிருந்தார். அடுத்த சீசனிலிருந்து பயணிகளின் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டப் போகிறார்களாம். கதவைத் தாண்டினாலே அது தானாகப் பதிந்துகொள்ளுமாம். புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பழைய முறையைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டவள், குரலைத் தாழ்த்தி, "மேம், நீங்கள் யாரையாவது தொலைத்ததுண்டா?" என்றாள்.

அவளுக்கு ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தச் சம்பவத்தை ஆங்கிலத்தில் முழுதாகச் சொல்ல முடியாது. அதற்குக் காரணமே ஒரு தமிழ்ச் சொல்தான். அதனால் இதைத் தனியாக எழுதுகிறேன்.

என் வேலை மனிதர்களை எண்ணுவது. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். மவுரி அவென்யூ மளிகைக் கடையில் இன்றும் என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, பெங்குவினை எண்ணுற வேலைதானே உங்களுக்கு?" என்பவர்கள் உண்டு. பெங்குவினை எண்ண விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். பெங்குவின் பார்க்கப் போன கூட்டம் அத்தனையும் திரும்பி வந்ததா என்று பார்க்கத்தான் என்னை வைத்திருந்தார்கள்.

தூத்துக்குடியில் பிறந்து, சென்னையில் ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் நின்று, கல்யாணமாகி ஃப்ரீமான்ட் வந்து, இங்கே ஒரு டேகேரில் பதினோரு வருடம் இருந்தேன். டேகேரில் குழந்தைகளை மிருகக்காட்சிச் சாலைக்குக் கூட்டிப் போகும் நாட்களில் பஸ் வாசலில் நிற்பவள் நான்தான். கண்ணால் எண்ணினால் ஓடுகிற குழந்தை ஒன்று இரண்டாகிவிடும். அதனால் தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணுவேன். அதைப் பார்த்த ஒரு குழந்தையின் அப்பா சுற்றுலாக் கப்பல் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். "எங்கள் பயணிகளும் ஏறக்குறைய இப்படித்தான், வருகிறீர்களா?" என்றார். என் மகள் அப்போதுதான் காலேஜுக்குப் போயிருந்தாள். வீடு வெறிச்சோடிக் கிடந்தது. போய்த்தான் பார்ப்போமே என்று போனேன். நவம்பரில் போய் மார்ச்சில் திரும்புவேன். என் கணவர் அந்த மாதங்களில் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டார் என்று அவரே சொல்லிக்கொள்வார். நான் அந்த ரசத்தைச் சாப்பிட்டிருக்கிறேன், அதற்கு மேல் எதுவும் சொல்வதற்கில்லை.

அண்டார்டிகாவில் துறைமுகம் கிடையாது. கப்பல் சற்றுத் தள்ளி நிற்கும். ரப்பர் படகில் பத்துப் பத்துப் பேராகக் கரைக்குப் போய், இரண்டு மூன்று மணி நேரம் நடந்துவிட்டுத் திரும்ப வேண்டும். ஒரே நேரத்தில் நூறு பேருக்கு மேல் கரையில் இருக்கக் கூடாது. சாப்பாடு கொண்டு போகக் கூடாது. நாங்கள் சிவப்புக் கொடி நட்டுக் காட்டிய பாதையில்தான் நடக்க வேண்டும். பெங்குவினிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், அது நடந்து வந்தால் நாம்தான் வழிவிட வேண்டும். போகும்போதும் வரும்போதும் பூட்ஸைக் கிருமிநாசினித் தொட்டியில் தேய்த்துக் கழுவ வேண்டும்.

நான் நின்றது கப்பலின் விலாவில் திறக்கும் கதவருகே. ஒவ்வொருவர் கழுத்திலும் ஓர் அட்டை தொங்கும். இறங்கும்போது அதை இயந்திரத்தில் காட்டினால் அவருடைய புகைப்படம் திரையில் 'கரையில்' என்ற பக்கத்துக்குப் போகும். திரும்பி வந்து காட்டினால் 'கப்பலில்' என்ற பக்கத்துக்கு வந்துவிடும். என் டேகேர் வழக்கத்தை நான் விடவில்லை. அட்டை ஒலிக்கும் அதே நேரத்தில் அந்த ஆளின் தோளை ஒரு தட்டுத் தட்டுவேன்.

இந்தத் தட்டலை விதியாகவே ஆக்கியவர் ஹெல்கா. எங்கள் பயணக் குழுவின் தலைவி, நார்வேக்காரர், ஆறடிக்குக் குறையாத உயரம், பேச்சு மட்டும் கஞ்சம். கரையில் முதலில் இறங்குவதும் கடைசியில் ஏறுவதும் அவர்தான். அவருடைய முறை விநோதமானது. மூன்று இடத்தில் மூன்று கணக்கு நடக்கும். கதவில் நான் எண்ணுவேன். படகோட்டிகள் ஏற்றி இறக்கிய தலைகளை எண்ணிக் கழுத்தில் தொங்கும் சின்னப் பிளாஸ்டிக் பலகையில் எழுதுவார்கள். கரையில் இறங்கியவர்கள் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி நீலச் சாக்கில் போட்டுவிட்டு நடக்கப் போவார்கள், திரும்பும்போது எடுத்துக்கொள்வார்கள், ஆகவே சாக்கு மூன்றாவது கணக்கு. எண்ணுகிறவர்கள் ஒருவருக்கொருவர் எண்ணைச் சொல்லக் கூடாது. ஹெல்கா தனித்தனியாகக் கேட்பார். அடுத்தவர் எண்ணைக் காதில் வாங்கிவிட்டால் நம் எண்ணும் அதன் பக்கம் சாய்ந்துவிடும் என்பார்.

ஒருமுறை ஒரு படகோட்டி, "எண்பத்தெட்டு என்று நினைக்கிறேன்" என்றான். ஹெல்கா தெர்மாஸ் மூடியில் காபியை ஊற்றிக்கொண்டே, "நான் எண்ணைக் கேட்டேன். நீ உன் ஆசையைச் சொல்கிறாய்" என்றார். திட்டவில்லை. மறுநாள் முழுவதும் அவனைத் தன் பக்கத்திலேயே நிற்க வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். ஆனால் பேசாத அந்த அம்மாள் பக்கத்தில் ஆறு மணி நேரம் நிற்பதற்கு நாலு திட்டு வாங்கிக்கொள்ளலாம். அவன் அதன்பிறகு 'நினைக்கிறேன்' என்ற சொல்லையே விட்டுவிட்டான்.

ஒன்பது சீசன் என் எண் தவறவில்லை. இதை நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பத்தாவது சீசனில் எங்கள் ஃப்ரீமான்ட் இருக்கும் பே ஏரியாவிலிருந்து பன்னிரண்டு தமிழர்கள் ஒரு கோஷ்டியாக வந்தார்கள். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். சான் ஹோசே சிப் கம்பெனி ஒன்றில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்ற கதிரேசன் சார்தான் தலைவர். ஆளுக்கொரு வாக்கி டாக்கி, ஆளுக்கொரு பருப்புப் பொடி டப்பா. சாப்பாட்டுக் கூடத்தில் சமையல்காரர் ஆக்கிய சாதத்தில் பொடியைத் தூவிச் சாப்பிட்டார்கள். எனக்கும் ஒரு டப்பா கிடைத்தது. கதிரேசன் சாரின் மனைவி வசந்தா அக்காதான் கொடுத்தார். அறுபத்தெட்டு வயது, சின்ன உருவம், எதையும் சரியாகச் செய்ய வேண்டும் என்று நினைக்கிற ஆள். முதல் நாள் விதிகளைச் சொல்லும் கூட்டத்தில் நோட்டுப் புத்தகம் வைத்துக் குறிப்பெடுத்தவர் அவர் ஒருவர்தான். ஐந்து மீட்டர் எவ்வளவு என்று தெரிய, தாழ்வாரத்தில் தன் அடியால் அளந்து பார்த்ததை நானே பார்த்தேன்.

நான்காம் நாள் ஒரு விரிகுடாவில் இறங்கினோம். காலையில் கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. தொண்ணூற்று நான்கு பேர் இறங்கினார்கள். தொண்ணூற்று நான்கு தோளைத் தட்டினேன். மதியத்துக்குப் பிறகு காற்று திரும்பியது. விரிகுடாவின் வாய்ப் பக்கம் மிதந்த பனிப்பாளங்கள் மெதுவாக உள்ளே நகர ஆரம்பித்தன. கேப்டன் ரேடியோவில், எல்லோரையும் ஏற்றிவிடுங்கள் என்றார். குரலில் பதற்றம் இல்லை, ஆனால் 'தயவுசெய்து' என்ற சொல்லைச் சேர்த்திருந்தார். அது அவருக்கு வழக்கமில்லை.

படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எல்லோருக்கும் ஒரே சிவப்புக் கோட்டு, முகத்தை மூடிய துணி, தலையில் ஈரப் பனி. கதிரேசன் சார் முழங்கால் வலி என்று கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டார். தன் அட்டையைக் காட்டினார். தோளைத் தட்டினேன். இன்னொரு அட்டையையும் நீட்டினார்.

"இது வசந்தாவோடதும்மா. போட்டோ எடுக்கறப்ப குறுக்க குறுக்க வருதுன்னு என்கிட்ட குடுத்துட்டா. தொலைச்சுடுவேன், நீங்களே வெச்சுக்கோங்கன்னா."

நம் ஆட்களுக்கு இது பழக்கம். பாஸ்போர்ட், கிரீன் கார்டு, டிக்கெட் எல்லாம் ஒருவர் பையில்தான் இருக்கும். புதிய பட்டை வந்தால் இந்தச் சிக்கல் வராது என்கிறாள் ஜாய். பட்டையையும் கழற்றிக் கணவரிடம் கொடுக்கிறவர்களை எனக்குத் தெரியும்.

"அக்கா எங்க சார்?"

அவர் வாக்கி டாக்கியை எடுத்தார். "வசந்தா, வந்துட்டியா?"

கரகரப்புக்கு நடுவே பதில் தெளிவாகக் கேட்டது. "இதோ, வந்துட்டேங்க."

நான் வெளியே எட்டிப் பார்த்தேன். அடுத்த படகு ஏணியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதில் பத்துச் சிவப்புக் கோட்டுகள். அக்காவே வந்துட்டேன் என்கிறார். அந்தப் படகில்தான் இருக்கிறார், அட்டை இல்லாமல் நின்று தடுமாறுவானேன் என்று வசந்தா அக்காவின் அட்டையை இயந்திரத்தில் காட்டினேன். அவருடைய புகைப்படம் 'கப்பலில்' பக்கத்துக்கு வந்தது. பிறகு படகில் வந்த பத்துப் பேரும் ஏறினார்கள். பத்துப் பேரிடமும் அட்டை இருந்தது. பத்துத் தோளையும் தட்டினேன். பதினோராவது தோள் எங்கே என்று அந்தக் காற்றில் எனக்குத் தோன்றவே இல்லை. அதற்குள் அடுத்த படகு வந்துவிட்டது.

கடைசிப் பயணிப் படகும் ஏறிய பிறகு ரேடியோவில் ஹெல்காவின் குரல். "பிலோமினா, உன் எண்?"

திரையைப் பார்த்தேன். "கப்பலில் தொண்ணூற்று நான்கு. கரையில் யாரும் இல்லை."

ஹெல்கா சொன்னார். "என் சாக்கில் ஒரு லைஃப் ஜாக்கெட் இருக்கிறது. அது உன்னோடு ஒத்துப்போக மாட்டேன் என்கிறது."

எனக்குக் கோபம் வந்தது. அதை மறைக்க மாட்டேன். ஒன்பது வருடம் தவறாத எண்ணை ஒரு சாக்கு கேள்வி கேட்கிறதா? "யாராவது ஜாக்கெட் இல்லாமல் படகில் ஏறியிருப்பார்கள்" என்றேன்.

"எந்தப் படகோட்டியும் அப்படி ஏற்ற மாட்டான். அவர்களுடைய எண் தொண்ணூற்று மூன்று."

"என் எண் சரி, ஹெல்கா."

அப்போதுதான் கதிரேசன் சார் தாழ்வாரத்தில் வந்தார். பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறும் சாக்ஸில், இரண்டு கையிலும் இரண்டு டீக் கப்.

"வசந்தா எங்கம்மா? டீ ஆறிட்டே இருக்கு."

"ரூமுக்குப் போகலையா சார்?"

"ரூம்ல இல்லையே. நீதானேம்மா அவ அட்டையைப் போட்ட?"

பதினோராவது தோள் எங்கே என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. அதோடு இன்னொன்றும் புரிந்தது. அடுப்படியிலிருந்து, பாத்ரூமிலிருந்து, பாதி உடுத்திய சேலையோடு நாம் எத்தனை முறை 'வந்துட்டேன்' என்று குரல் கொடுத்திருக்கிறோம். அப்படிச் சொன்னவர்கள் யாரும் அந்த நிமிடத்தில் வந்திருந்ததில்லை. கப்பலில் வேலை பார்க்கிறவர்களில் இது தெரிந்த ஒரே ஆள் நான்தான். தமிழ் தெரியாத ஜாய் அங்கே நின்றிருந்தால் அந்த வார்த்தையை லட்சியம் செய்யாமல் ஆளைத்தான் தேடியிருப்பாள்.

ரேடியோவை எடுத்தேன். அதில் நான் பேசுவது கேப்டன் முதல் படகோட்டி வரை எல்லோருக்கும் கேட்கும். கேட்கட்டும் என்று சொன்னேன். "ஹெல்கா, என் எண் தவறு. வசந்தா கதிரேசனை நான் தொடவில்லை. வந்துவிட்டேன் என்று அவர் சொன்னதைக் கேட்டு அட்டையைப் போட்டுவிட்டேன். எங்கள் மொழியில் வந்துவிட்டேன் என்றால் வந்துகொண்டிருக்கிறேன் என்றும் அர்த்தம்."

"அப்படியானால் உண்மையிலேயே வந்துவிட்டால் என்ன சொல்வீர்கள்?"

"அதையேதான்."

ரேடியோவில் யாரோ ஒரு படகோட்டியின் சிரிப்பு பாதியில் நின்றது. ஹெல்கா, "நன்றி. இப்போது நமக்கு ஒன்று தெரியும்" என்றார். உடனே கேப்டன் குறுக்கிட்டார். பனிப்பாளம் நெருங்குகிறது, இருபது நிமிடம்தான் கப்பல் இந்த இடத்தில் நிற்க முடியும், அதற்குமேல் விரிகுடாவை விட்டு வெளியேறியாக வேண்டும் என்றார். கரையில் அவசரத்துக்குக் கூடாரமும் உணவும் எப்போதும் இறக்கி வைத்திருப்போம். ஹெல்கா துணைக்கு இருப்பார், உயிருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பிரஷர் மாத்திரையைக் கப்பலில் வைத்துவிட்டு வந்த ஓர் அறுபத்தெட்டு வயதுப் பெண் அந்தக் காற்றில் எத்தனை மணி நேரம் கூடாரத்தில் கிடப்பது? அதுவும் என்னால்.

கதிரேசன் சார் டீயைத் தரையில் வைத்துவிட்டு வாக்கி டாக்கியில் கத்தினார். "வசந்தா, எங்க இருக்க?"

"இதோ வந்துட்டேங்க. அது கொஞ்சம் நகரட்டும்."

"எது நகரட்டும்?"

"பெங்குவின்தான். அஞ்சு மீட்டர் தள்ளி நிக்கணும்னு சொன்னாங்கல்ல? முன்னால ரெண்டு நிக்குது, பின்னால ஒண்ணு. வழி விடலாம்னு பாறைக்குப் பின்னால ஒதுங்கினேன். இப்ப அதுல ஒண்ணு பாதையிலயே படுத்துடுச்சு. நான் என்ன பண்ண?"

அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. விதியை எழுதிய ஆட்கள்கூட அதை இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்க மாட்டார்கள். கதிரேசன் சார் மேலும் கத்துவதற்குள் வாக்கி டாக்கியை வாங்கிக்கொண்டேன். ஒரு கையில் அது, இன்னொரு கையில் ரேடியோ.

"அக்கா, நான் பிலோமினா. உங்களுக்குக் கப்பல் தெரியுதா?"

"தெரியலையே. பாறை மறைக்குது."

"பக்கத்துல ஏதாவது கொடி இருக்கா?"

"சிவப்புக் கொடி ஒண்ணு கீழ விழுந்து கிடக்கு. காத்துல விழுந்திருக்கும் போல. எடுத்து நடட்டுமா?"

"வேண்டாம் அக்கா, நீங்க அங்கயே இருங்க."

விழுந்த கொடி என்று ரேடியோவில் சொன்னதுமே ஹெல்காவுக்கு இடம் புரிந்துவிட்டது. கீழ்ப் பாதை ஓரிடத்தில் பாறையைச் சுற்றித் திரும்பும். அந்தத் திருப்பத்தைக் காட்டும் கொடி விழுந்துவிட்டதால், எங்கள் குழுவில் கடைசியாகக் கொடிகளைப் பிடுங்கிக்கொண்டு வந்தவர் நேராக நடந்து வந்திருக்கிறார், பாறைக்குப் பின்னால் இருந்தவரைப் பார்க்கவில்லை. "ஆறு நிமிடம். பேசிக்கொண்டே இரு" என்றார் ஹெல்கா. அவருடைய பூட்ஸ் பனியில் அழுந்தும் சத்தம் ஒரு கணம் கேட்டது.

வசந்தா அக்கா கேட்டார். "என்ன பிலோமினா, எல்லாரும் போட்ல ஏறியாச்சா?"

இதற்கு என்ன சொல்வது? இல்லை என்று சொன்னால் பயப்பட மாட்டார். ஆனால் அன்றைக்கு நான் ஏற்கெனவே ஒரு பொய்யான எண்ணைச் சொல்லியிருந்தேன்.

"ஏறிட்டாங்க அக்கா. உங்களுக்காக ஒரு போட் கரையில நிக்குது. ஹெல்கா உங்களைக் கூப்பிட நடந்து வர்றாங்க."

அக்கா முன்னைவிடச் சன்னமாக, "விட்டுட்டுப் போயிட மாட்டீங்களே?" என்றார்.

"மாட்டோம் அக்கா. நான்தான் எண்ணினதுல தப்புப் பண்ணிட்டேன். நீங்க வந்தாச்சுன்னு நெனச்சுட்டேன். இப்ப நீங்க எங்க இருக்கீங்கன்னு கப்பல்ல எல்லாருக்கும் தெரியும்."

"நான் வந்துட்டேன்னு சொன்னேனே, அதாலயா?"

"ஆமாக்கா."

"ஐயோ, அது சும்மா சொல்றதுதானேம்மா."

அதோடு என் கையிலிருந்த வாக்கி டாக்கியில் பேட்டரி தீர்ந்துவிட்டது. அடுத்த நான்கு நிமிடம் என் வேலைக் காலத்திலேயே மிக நீளமானது. பிறகு ரேடியோவில் ஹெல்கா, மூச்சு வாங்கியபடி, "தொட்டுவிட்டேன்" என்றார். அதன் பிறகு, "இவர் பெங்குவினைச் சுற்றிக்கொண்டுதான் வருவேன் என்கிறார். சரி, சுற்றிக்கொண்டு வருகிறோம்" என்றார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சந்தோஷமா வெட்கமா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை.

கேப்டன் கொடுத்த நேரத்தில் இரண்டு நிமிடம் மிச்சமிருக்கும்போது படகு ஏணியைத் தொட்டது. வசந்தா அக்கா உள்ளே வந்தார். மூக்கு சிவந்திருந்தது. நேரே தொட்டிக்குப் போய், ஒரு காலை முடித்து மறு காலை என்று பூட்ஸைத் தேய்த்துக் கழுவினார். கதிரேசன் சார் திட்டப் போகிறார் என்று நான் நினைத்தேன். அவர் மனைவியின் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்களுக்குப் பின்னால் கதவைச் சாத்திவிட்டார்கள். கப்பல் நகர ஆரம்பித்தது.

நான் அக்காவின் தோளைத் தட்டிவிட்டு அட்டையைக் காட்டினேன். இயந்திரம் ஏற்கவில்லை. இவர் ஏற்கெனவே கப்பலில் இருக்கிறார் என்று சிவப்பில் எழுதிக் காட்டியது. அவர் உண்மையில் வந்த நேரத்தைப் பதிய ஒரே வழிதான் உண்டு. முதலில் அவரை வெளியே அனுப்ப வேண்டும், பிறகு உள்ளே கூப்பிட வேண்டும். இரண்டு பொத்தான் வேலை. அவர்களுக்கு அதை விளக்கிவிட்டு, வெளியே அனுப்பும் பொத்தான் மேல் விரலை வைத்தேன். திரையில் வசந்தா அக்காவின் புகைப்படம் சிமிட்டியது. பக்கத்தில் 'கரையில்' என்ற பக்கம் காலியாக இருந்தது.

கதிரேசன் சார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம்மா. மறுபடி அவளை அங்க அனுப்பாத."

"சார், இது மெஷின்ல மட்டும்தான். ஒரு செகண்ட்."

"ஒரு செகண்ட் கூட வேண்டாம்."

ஹெல்கா எங்களுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. என் விரலைப் பார்த்தார், கதிரேசன் சாரின் முகத்தைப் பார்த்தார். பிறகு கை நீட்டித் திரையை அணைத்தார். மேசை இழுப்பறையிலிருந்து பதிவுப் புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்துப் பேனாவையும் கொடுத்தார். நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த இயந்திரத்தின் கணக்கில் வசந்தா அக்கா அன்றைக்கு ஒரு நிமிடம்கூடக் கரையில் தனியாக விடப்படவில்லை.